மயிலாப்பூர்க் கடை ஒன்றை வாட்டர்கலரில் வரைந்தபோது

பழைய கடை ஒன்றின் முகப்பை வாட்டர்கலரில் வரைய ஆசைப்படுகிற எல்லோரும் முதலில் யூடியூபைத்தான் திறக்கிறோம். லண்டனிலோ பாரிஸிலோ ஒரு ரொட்டிக் கடை வாசல், மெல்லிய வெயில், நிதானமாகக் காயும் தாள். அதைப் பார்த்துத்தான் நானும் கற்றுக்கொண்டேன், கற்றது வீண் போகவில்லை. ஆனால் அவர்கள் வெயில் வேறு, நம் வெயில் வேறு. அவர்கள் ஈரம் வேறு, நம் ஈரம் வேறு. சென்னையில் ஒரு கடையை வரைந்துகொடுக்க ஒப்புக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வருஷம் தனியாக அல்லாடி, 12,000 ரூபாய்க்குப் பேசிய வேலையில் 17,000 ரூபாய் செலவழித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. யாராவது ஒருவர் முன்பே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், பல ராத்திரித் தூக்கமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

மாட வீதிகளை ஒட்டிய ஒரு தெருவில் தெற்குப் பார்த்த நாட்டு மருந்துக் கடை அது. ஓட்டுச் சார்ப்பு, அதைத் தாங்க இரண்டு மரத்தூண். ஷட்டர் கிடையாது, எண் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாக உருவி உள்ளே சாய்த்து வைத்துத்தான் கடை திறப்பார்கள். வாசலில் சாக்குகளில் சுக்கு, கடுக்காய், நன்னாரி வேர். மேலே வசம்பு கோத்துத் தொங்கும். உள்ளே அரையிருட்டில் தகர டப்பாக்கள் கூரை வரைக்கும். சார்ப்பின் விளிம்பில் அரக்கு நிறப் பலகையில் மஞ்சள் எழுத்தில் கடைப் பெயர், அதற்குக் கீழே 'மயிலை, சென்னை - 4'. கட்டிடம் கைமாறிவிட்டது, ஆவணிக்குள் காலி செய்ய வேண்டும். பெங்களூரில் இருக்கும் கடைக்காரரின் மகள்தான் என்னைப் பிடித்தார். "போட்டோ நிறைய இருக்குங்க. அப்பா காலையில எழுந்ததும் பார்க்கிற மாதிரி ஒரு படம் வேணும்" என்றார். மாசி மாதம் அது. ஆவணிக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கிறதே என்று சந்தோஷமாகச் சரி சொன்னேன்.

முதல் நாள் காலையில் கடை திறந்த கையோடு நான் எதிரே ஸ்டூலைப் போட, பெரியவர் கையைக் காட்டினார். "ஏம்மா, போணி ஆகட்டும். அப்புறம் உக்காரு." முதல் வியாபாரம் நடக்கும் முன் வாசலுக்கு நேரே ஒருவர் உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருப்பதை எந்தக் கடைக்காரரும் விரும்பமாட்டார். அவர் தயங்காமல் சொன்னார், எல்லோரும் சொல்லமாட்டார்கள். மனசுக்குள் வைத்துக்கொண்டு இரண்டாம் நாள் முகம் கொடுக்கமாட்டார்கள். அதனால் எந்தக் கடையானாலும் போணிக்குப் பிறகு போங்கள். நேர் எதிரே வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில் உட்காருங்கள். படமும் அப்போதுதான் நன்றாக வரும், சார்ப்பின் ஆழம் தெரியும். வெள்ளிக்கிழமை, அமாவாசை, பிரதோஷம், இந்த நாட்களில் மாட வீதிப் பக்கம் வரையப் போக வேண்டாம். பங்குனியில் அறுபத்து மூவர் விழாவின்போது நிற்கவே இடம் கிடைக்காது. தனியாகப் போகிற பெண்களுக்கு இன்னொன்று: எதிர்வீட்டுத் திண்ணையை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதுகுக்குச் சுவர், குடிக்கத் தண்ணீர், அவசரத்துக்கு ஒரு கழிப்பறை, மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். எனக்கு அங்கே இருந்த மாமி மூன்றையும் கொடுத்தார், கூடவே காபியும். தெருவில் வரைகிறவருக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை.

அந்த மாசி வெயிலில் கடை எவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்லியே ஆக வேண்டும். சூரியன் தெற்கே சாய்ந்திருந்ததால் பலகையில் நேராக வெயில். அதன் கீழே சார்ப்பின் நிழல் தூண்களையும் டப்பாக்களையும் மூடிக்கொண்டு முக்கால் சுவர் வரை இறங்கும். நிழல் முடிகிற இடத்தில் சாக்குகளின் வாயில் மறுபடியும் வெயில். படம் தானாகவே மூன்று பட்டையாகப் பிரிந்து நின்றது. உள்ளங்கை அளவுத் தாளில் பென்சிலால் வெறும் இருட்டு வெளிச்சத்தை மட்டும் ஒரு குறிப்பாகப் போட்டு, மூலையில் தேதியும் மணியும் எழுதிவைத்தேன். அந்தச் சின்னத் தாள்தான் கடைசியில் இந்த வேலையைக் காப்பாற்றியது.

அடுத்து தாள். நூறு சதம் பருத்தி, 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), 22க்கு 30 அங்குலம். வாட்டர்கலருக்கு இதுதான் நம்பகமானது, அதில் சந்தேகமில்லை. ஒரு கடையில் தள்ளுபடி என்று பத்துத் தாள் கட்டாக 6,500 ரூபாய்க்குக் கிடைத்தது. பாதியாக வெட்டி, கடையை அளந்து கோட்டோவியம் போட்டு முடிக்கவே பல காலைகள் போயின. பிறகு சுவருக்கு முதல் வண்ணத்தைப் பூசினேன். பூசியது சீராகப் பரவவில்லை. சில இடங்களில் தாள் வண்ணத்தை அப்படியே உறிஞ்சிக்கொண்டது, சுவர் முழுக்கத் தேமல் படர்ந்த மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு தாள், அதுவும் அப்படியே. கட்டில் இருந்த எல்லாமே அப்படித்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சமைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். கையில்தான் கோளாறு, இத்தனை வருஷம் வரைந்ததெல்லாம் வீண் என்றே நினைத்தேன்.

கோளாறு கையில் இல்லை. வாட்டர்கலர் தாளுக்குள் ஜெலட்டின் போன்ற ஒரு பசை ஏற்றியிருப்பார்கள், அதை சைஸிங் என்பார்கள். வண்ணம் உடனே உள்ளே இறங்கிவிடாமல் மேலேயே தங்க அதுதான் காரணம். காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊரில் தாள் பல மழைக்காலம் அலமாரியில் கிடந்தால் அந்தப் பசை அங்கங்கே கெட்டுப்போகும். கண்ணுக்குத் தெரியாது, தடவிப் பார்த்தாலும் தெரியாது. நனைத்தால்தான் தெரியும். கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருந்தார். கட்டைப் பிரித்துவிட்டதால் திரும்ப வாங்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். 6,500 ரூபாயும் போனதுதான். ஆகவே கட்டாக வாங்காதீர்கள். ஒரு தாள் வாங்கி, வீட்டில் ஓரத்தில் தண்ணீரும் நீர்த்த அல்ட்ராமரீன் நீலமும் பூசிப் பாருங்கள். சீராகக் காய்ந்தால் அதே சரக்கில் இன்னும் இரண்டு வாங்கலாம். வாங்கியதைப் பிளாஸ்டிக் கவரில் சிலிக்கா ஜெல் பையோடு மூடி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் படுக்கையாக வையுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன தாள் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம், பேஸ்டல், கரி, அக்ரிலிக் எல்லாவற்றுக்கும் அது உதவும்.

வேறு ஊரிலிருந்து நல்ல தாள் வரவழைத்து, மறுபடி வேலையைத் தொடங்குவதற்குள் அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது. ஜூன் மாதம் திண்ணைக்குத் திரும்பினேன். கடை அங்கேயே இருந்தது. வெயில்தான் இல்லை. பலகை மங்கலாக, சாக்குகள் மங்கலாக, எல்லாம் ஒரே சாம்பல். மேகம் என்று நினைத்துக் காத்திருந்தேன். மேலே பார்த்தால் வானம் வெள்ளையாக எரிகிறது. கடை முகப்பில் மட்டும் நாள் முழுக்க ஒரு கீற்று வெயில்கூட விழவில்லை.

சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 25 வாக்கில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதற்குப் பிறகு வடக்கே போய்விடும். ஆகஸ்ட் 18 வாக்கில்தான் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே திரும்பும். இடையில் ஜூன் முழுக்க அது உதிப்பதும் வடகிழக்கே, மறைவதும் வடமேற்கே. தெற்குப் பார்த்த கடை நிழலில் கிடக்கும், எதிரே வடக்குப் பார்த்த கடைக்கு வெயில் கிடைக்கும். தெற்குச் சுவரில் எப்போதும் வெயில் விழும், வடக்கு ஜன்னல் வெளிச்சம் மாறவே மாறாது என்றெல்லாம் ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. என் வீட்டு வடக்கு ஜன்னலில் மே மாதம் நேர் வெயில் அடிக்கிறது. கடைக்குத் திசை பாருங்கள்: தெற்கு வாசலானால் தை, மாசி, வடக்கு வாசலானால் வைகாசி, ஆனி. கிழக்கு, மேற்கு வாசல்களுக்கு மாதம் அவ்வளவு முக்கியமில்லை, காலையா மாலையா என்பதுதான் கணக்கு. எனக்கு அடுத்த மாசி வரை காத்திருக்க வழியில்லை. அந்த உள்ளங்கைத் தாள் இருந்ததால் நிழலை அதைப் பார்த்துப் போட்டேன், பொருட்களின் நிறத்தை நேரில் பார்த்துப் போட்டேன். முதல் நாளே நிழல் குறிப்பும் மணியும் எழுதாமல் யாரும் எழுந்து வராதீர்கள்.

போட்டோவும் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் தெரு குறுகல் என்பதற்காக போனில் 0.5 லென்ஸுக்குப் போகாதீர்கள். ஓரத்தில் இருக்கும் தூண் இழுபட்டுச் சாயும், அதைப் பார்த்து வரைந்தால் கடை விழப்போவது போல இருக்கும். சாதாரண லென்ஸில் துண்டு துண்டாக எடுத்துக்கொள்வது நல்லது.

ஜூன் வெயிலில் இன்னொரு பாடு. தூரிகை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதற்குள் முதல் கோடி காய்ந்து விளிம்பு கட்டிக்கொள்கிறது. தாளின் பின்பக்கத்தையும் நன்றாக நனைத்து, ஒரு அக்ரிலிக் பலகையில் ஒட்டவைத்துக்கொண்டால் தாக்குப்பிடிக்கும். பெரிய பூச்சுகளை ஏழு மணிக்குள் வீட்டிலேயே முடித்துவிட்டு, நுணுக்க வேலைக்கு மட்டும் தெருவுக்குப் போனேன். வெள்ளையைக் காப்பாற்ற மாஸ்கிங் ஃப்ளூயிட் தடவுவது எல்லோரும் சொல்லும் வழி. அது ரப்பர் பால். நம் வெயிலில் ஒரு மத்தியானம் கிடந்தாலே தாளோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தோலையும் சேர்த்துக் கிழிக்கும். தராசுத் தட்டின் மினுக்கு, பெரியவரின் வேட்டி, டியூப்லைட், மூன்று வெள்ளைதான் இந்தப் படத்தில். அவற்றைச் சுற்றிப் பூசியே காப்பாற்றினேன். சின்னச் சின்னப் புள்ளிகளுக்குக் கடைசியில் வெள்ளை குவாஷ், அதாவது அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம், போதும். தேன் கலந்த வண்ணங்களைத் திண்ணையில் திறந்து வைத்தால் எறும்பு வரும். ஈரமான பேலட்டை மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும், காயவிட்டு மூடுங்கள்.

கடையின் உள்ளிருட்டுதான் இந்த மாதிரிப் படங்களுக்கு உயிர். அங்கே கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கெட்டியாகக் கலந்து, சந்தேகமே இல்லாமல் ஒரே தடவையில் வைத்துவிடுங்கள். காய்ந்தால் வெளிறும் என்பதால், வைக்கும்போது 'ஐயோ, அதிகம்' என்று தோன்றும் அளவு இருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே அங்கங்கே சியன்னாவை மட்டும் தொட்டுவிட்டால் டப்பாக்களும் மூட்டைகளும் தாமே தெரிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு டப்பாவாக வரைந்தால் கடை செத்துப்போகும். எனக்கு இந்தப் படத்திலேயே மிகப் பிடித்த பகுதி அதுதான், கால்மணி நேரத்தில் வந்துவிட்டது.

பலகை எழுத்துக்கு அதற்கு நேர்மாறாக நேரம் போயிற்று. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் எழுதிய பலகை அது. 'மயிலை'யில் லையும் 'சென்னை'யில் னையும் பழைய துதிக்கை வைத்த எழுத்துகள். அவற்றை அப்படியே வரைந்தேன். மருந்து வாங்க வந்த ஒரு பையன் தாளை எட்டிப் பார்த்து, "அக்கா, ஸ்பெல்லிங் தப்பு" என்றான். பெரியவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்ப் பலகையை அண்ணாந்து பார்க்கவைத்தார். பலகை எழுத்தை இடதுகோடியிலிருந்து ஆரம்பித்தால் வலதுகோடியில் நெருக்கியடிக்கும். எழுத்துகளை எண்ணி, நடு எழுத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் போங்கள்.

ஆடி கடைசியில் படம் முடிந்தது. 2,800 ரூபாய்க்கு ஃப்ரேம் போட்டுக் கொடுத்தேன். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சாக்கு ஒவ்வொன்றையும் தொட்டு, இது இன்னது, இது இன்னது என்று மகளிடம் போனில் சொல்லிக்கொண்டே போனார். அந்தச் சந்தோஷத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதவே வந்திருக்கமாட்டேன்.

தை பிறந்ததும் போன் வந்தது. "போர்டு வெளிறிப்போச்சேம்மா. மேல ஏதோ புள்ளி புள்ளியா வேற இருக்கு." போய்ப் பார்த்தேன். அரக்கு நிறம் அழுக்கு ரோஜாவாக இளைத்திருந்தது. வானத்தில் பழுப்புப் புள்ளிகள், பூஞ்சை. அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கடை அதற்குள் இடித்தாகிவிட்டது, தகரம் அடித்திருந்தார்கள். பேருந்தில் வரும்போது அழுதேன்.

வெளிறியதற்குக் காரணம் அலிசரின் கிரிம்சன். அந்த நிறமியின் குறியீடு பி.ஆர். 83. வெளிச்சத்தில் நிற்காது என்று வெகுகாலமாகத் தெரிந்த ஒன்று, இன்றைக்கும் விற்கிறார்கள். குழாயின் மேல் இருக்கும் அழகான பெயரை நம்பாதீர்கள், பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். குறியீடே போடாத குழாய் விற்கிற படத்துக்கு ஆகாது. சிவப்புக்கு பி.ஆர். 254, ரோஜாச் சாயலுக்கு பி.வி. 19, கோயில் காவிக்கு பி.ஆர். 101, இவை நிற்பவை. ஒபேரா பிங்க் எனப்படும் பளிச் ரோஜா அலிசரினைவிடச் சீக்கிரம் போய்விடும். உங்களிடம் இருக்கும் வண்ணங்களையெல்லாம் ஒரு தாளில் பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, ஒரு கோடை முழுக்க மேற்கு ஜன்னலில் ஒட்டிவையுங்கள். பிரித்துப் பார்த்தால் எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்று தெரிந்துவிடும்.

பூஞ்சைக்குக் காரணம் ஃப்ரேம். கண்ணாடியைப் படத்தின் மேல் நேராக ஒட்டவைத்து, பின்னால் சாதா ஹார்ட்போர்டு அடித்திருந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளே வியர்த்த ஈரம் நேரே தாளில் இறங்கியிருக்கிறது. போதாததற்கு மாட்டிய சுவர் மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவர், எதிரே மேற்குப் பால்கனி. ஃப்ரேம் கடையில் வாய்விட்டுக் கேளுங்கள்: படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம், வேண்டும், மவுண்டும் பின்தாளும் அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும், பின்னால் நாலு மூலையிலும் சின்ன ரப்பர் பொத்தான் ஒட்டிச் சுவரோடு இடைவெளி விட வேண்டும். தெரியாது என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஃப்ரேம் போடவே வேண்டாம், தாளில் இருக்கும் ஈரம் உள்ளேயே அடைபடும்.

இரண்டாவது படத்தை அந்தத் தை, மாசியிலேயே வரைந்தேன். பார்க்கக் கடை இல்லை. நிழல் குறிப்பு, துண்டு போட்டோக்கள், பழைய கோட்டோவியம், இவ்வளவுதான். திண்ணை மாமி இருந்தார், ஒரு பகல் வந்து அருகில் உட்கார்ந்து சாக்குகளின் வரிசையைச் சரிபார்த்துக்கொடுத்தார். புதுத் தாள்களுக்கு 1,800, புதிய வண்ணங்களுக்கு 1,400, இரண்டாவது ஃப்ரேமுக்கு 4,500 ஆயிற்று. பெரியவரின் மகள் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார், வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

இப்போது யாராவது கடை வரையக் கேட்டால் பாதித் தொகை முன்பணம், ஃப்ரேமுக்குத் தனிக் கணக்கு, தெற்கு வாசலானால் பொங்கலுக்குப் பிறகுதான் வருவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே மாட்டப்போகிறீர்கள் என்று சுவரையும் பார்த்துவிடுகிறேன். பெரியவர் வீட்டுப் படம் இப்போது உள்கூடத்துச் சுவரில், மேற்கு வெயில் எட்டாத இடத்தில் இருக்கிறது. ஒரு முழு வடகிழக்குப் பருவமழையைத் தாண்டியதும் நானே போய்க் கழற்றிப் பார்த்தேன். புள்ளி ஒன்றும் இல்லை, பலகை அரக்காகவே இருக்கிறது.